ஊருக்குள் மட்டும் செல்லும் காசு

வாசற்படிக் கல்லைக் கிளப்பிய அன்று இவர் என் வேலையிடத்துக்கே தொலைபேசி எடுத்தார். இவர் என்றால் என் கணவர். வேலை நேரத்தில் என்னைக் கூப்பிடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. முன்பு மகள் சைக்கிளால் விழுந்து கையை முறித்தபோது ஒருமுறை கூப்பிட்டார், அவ்வளவுதான். அதனால் அவருடைய இலக்கத்தைக் கண்டதும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எடுத்தேன்.

“இஞ்சாரும், படிக்குக் கீழ பச்சை நிறத்தில கொஞ்சப் பொத்தான் கிடக்கு,” என்றார்.

“பொத்தானுக்கோ போன் எடுத்தனீங்கள்? நான் என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன்.”

“பொத்தானெண்டா ஓட்டை இருக்கவேணுமெல்லே? இதில ஒண்டிலயும் ஓட்டையைக் காணேல்லை. அதுதான் கேக்கிறன்.”

நான் டோர்ட்மண்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவள். சின்னதைப் பெரிதாக்கிப் பார்ப்பது பிழைப்பு. அந்தப் பிழைப்பு நாளடைவில் குணமாகவும் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு வெறும் பெட்டி கிடந்தாலும் அதற்குள் என்ன வந்தது என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஓட்டையில்லாத பொத்தான் என்று கேட்ட பிறகு வேலையில் கை ஓடுமா? கடையிலிருந்த சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் நேரே ரயிலேறினேன்.

அந்த வீடு டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில், பழைய மதில் சுவரின் மிச்சம் இன்னும் நிற்கிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அதை நாங்கள் வாங்கியதே ஒரு பெரிய சண்டை. இவர் இந்த நாட்டுக்கு வந்து அகதியாகப் பதிந்தபோது கொண்டுபோய் விட்டது அந்த ஊர் ஹைமில்தான். ஹைம் என்பது அகதிகளை ஒன்றாக வைத்திருந்த விடுதி. அந்த மாவட்டத்தைத் தாண்டிப் போவதென்றால் அனுமதி எடுக்க வேண்டும். அடுத்த மாவட்டத்தில் இருந்த கூட்டாளியின் கல்யாணத்துக்குக்கூட இவரால் போக முடியவில்லை. காசு கையில் கொடுக்கமாட்டார்கள். ஒரு துண்டு கொடுப்பார்கள், அது ஊரில் ஒரேயொரு கடையில்தான் செல்லும். எந்த ஊரைவிட்டு வெளியே போகாதே என்று மறித்து வைத்தார்களோ, அதே ஊரில் தானாகப் போய் வீடு வாங்குகிற விசர் யாருக்காவது வருமா என்று நான் கேட்டேன். “மலிவா வருது,” என்றார். மலிவுதான். பழைய வீடு, ஒருவரும் சீண்டாத வீடு. பாதுகாக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்று விற்றவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் மலிவு மட்டும்தான் காரணம் என்று நான் அன்றைக்கும் நம்பவில்லை.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். பழைய வீட்டைத் திருத்திப்பார் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இவர் தொழிலால் தரைக்கு ஓடு பதிக்கிறவர். காலமெல்லாம் மற்றவர் வீடுகளின் குளியலறைகளில் முழங்காலைத் தேய்த்தவர். அதனால் எல்லா வேலையையும் தானே செய்தார். ஆனி முடிவதற்குள் குடிபூரல் என்று நாள் வைத்தாயிற்று. ஆடி பிறந்தால் ஒரு மாதத்துக்கு வீடு குடிபுக ஏலாது. வாடகை வீட்டையும் விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். மிச்சமிருந்தது முன்வாசல்தான். படிக்கல் வெடித்து, நடுவில் குழிந்து, மழைத்தண்ணீர் உள்ளே வந்தது. அதை எடுத்துவிட்டு மட்டம் பார்த்து வைப்பதற்காகத்தான் அன்றைக்குக் கிளப்பினார்.

நான் போனபோது முற்றத்து வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தார். முன்னால் ஒரு பழைய துவாயில், பச்சைக் களிம்பு பிடித்த வட்டங்கள் ஒரு பிடி. கல்லுக்குக் கீழே சின்னக் குழி போல் ஒரு இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தனவாம். இவர் தட்டிப் பிரித்திருக்கிறார். ஒன்றை எடுத்து உருப்பெருக்கிக்குக் கீழே பிடித்தேன். முதலில் பாசி மாதிரித்தான் தெரிந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்ததில், ஒரு பக்கம் இரண்டு கோபுரம் வைத்த கோட்டை வாசல். மறுபக்கம் மூன்று நேர்க்கோடுகள், ரோம எழுத்தில் மூன்று.

“காசப்பா!” என்று கத்தியே விட்டேன்.

“ஆற்ற காசு?”

அதுதானே கேள்வி. அந்தக் கோட்டை வாசலை அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். ஊர் நகரசபைக் கட்டடத்திலும், குப்பை வண்டியிலும், பேருந்துத் தரிப்பிடத்திலும் அதே வாசல்தான் இருக்கிறது. ரயிலில் திரும்பும்போது கைபேசியை விட்டு நான் தலை நிமிரவில்லை. இவரோ நாளைக்கு எத்தனை மூட்டை சீமெந்து வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்தார். நான் வாசிக்க வாசிக்க அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தக் காலத்தில் பிரபுக்களும் ஆயர்களும் அடித்தது வெள்ளிக் காசு. பாணும் பியரும் வாங்கச் சில்லறை கிடையாது. அதனால் இந்தப் பக்கத்துச் சின்னச் சின்ன ஊர்களின் சபைகள் தாங்களே செம்பில் காசு அடித்துக்கொண்டன. ஊர்ச் சின்னம் ஒரு பக்கம், பெறுமதி மறுபக்கம்.

“அந்தக் காசு மதிலுக்கு உள்ளுக்க மட்டும்தானாம் செல்லும். வாசலைத் தாண்டினா ஒருத்தரும் வாங்கமாட்டினமாம்,” என்றேன்.

இவர் சீமெந்துக் கணக்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“கள்ளக் காசு கூடினா, ஊர்ச்சபை எல்லாத்தையும் திரும்பக் கூப்பிட்டு ஒரு சின்ன முத்திரை குத்திக் குடுக்குமாம். குத்தாதது செல்லாக்காசு. எங்கட ஒண்டிரண்டிலயும் சின்ன நட்சத்திரம் ஒண்டு குத்திக் கிடந்ததெல்லே, அது அதுதான்.”

“எங்கட அகதிப் பத்திரத்திலயும் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா முத்திரை குத்தினவங்கள்தானே,” என்றார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. காசு என்ன காசு என்று தெரிந்துவிட்டது. ஆனால் படிக்குக் கீழே எப்படிப் போனது? எங்கள் ஆட்கள் கதவு நிலை வைக்கும்போது அடியில் நாணயம், ஐம்பொன், நவமணித் தூள் என்று வசதிக்கேற்றபடி ஏதாவது வைப்பார்கள். வெறுமனே நிலை நடுவது எங்களிடம் இல்லை. இங்கேயும் யாரோ அப்படி ஒரு நல்ல நேரம் பார்த்து வைத்ததா? அல்லது வாசலில் நின்று காசு எடுத்தபோது வெடிப்புக்குள் சிந்திப் போனதா? வைத்ததா, விழுந்ததா? இது தெரியாமல் அந்தக் கல்லை மறுபடி மூட எனக்கு மனமில்லை.

மறுநாள் இவரிடம், “அகழ்வாராய்ச்சிக்காரருக்குச் சொல்லுவம்,” என்றேன்.

“நீர் சும்மா இரும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அவையள் வந்து வேலையை மறிச்சாத் தெரியும். ஆடி பிறக்கப்போகுது.”

“மறிச்சா என்ன, பின்வாசல் இருக்குத்தானே? பின்னால போய்க் குடிபூருவம்.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது போலும். இவருக்குக் கோபம் வருவது அபூர்வம், வந்தால் குரல் உயராது, தாழும்.

“இந்த நாட்டுக்குள்ள பின்வாசலாலதான் வந்தனான். ஏஜென்சிக்காரர் கிழக்கு பெர்லினால இரவில களவாக் கூட்டிக்கொண்டு வந்து விட்டவங்கள். என்ர வீட்டுக்குள்ள முன்வாசலாலதான் போவன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவருக்கு அந்த வீட்டில் சமையலறையும் பெரிதில்லை, மேல்மாடியும் பெரிதில்லை. வாசல்தான் வீடு. ஆனி முடிவதற்குள் அந்த வாசலால் வலக்கால் வைத்து உள்ளே போக வேண்டும். ஆசையே அவ்வளவுதான். அதை என் மூக்கு நீளத்தால் கெடுத்துவிடுவேனோ என்று எனக்கே பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. பழைய பொருள் கண்டெடுத்தால் சொல்ல வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம் என்று போட்டுவைத்தேன். சட்டம் என்ற சொல்லைக் கேட்டால் இவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டியும் இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கில் நிற்கிறவர்.

“சட்டமெண்டாச் சொல்லத்தான் வேணும்,” என்றார் கடைசியில். “ஆனா டெர்மினை, அவையள் வந்து பாக்கிற நாளை, கெதியா எடும்.”

கெதியாகவே கிடைத்தது. அதிகாரி வருகிற நாளன்று நான் காலையில் மட்டும் வேலைக்குப் போய்விட்டு, மத்தியானம் அந்த ஊருக்குப் போனேன். வாசலுக்குக் கிட்டப் போகவே ஒரு மணம் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த மணம்தான், ஆனால் அந்த இடத்தில் வரக்கூடாத மணம். பழப்புளி.

இவர் கோயிலில் விளக்கு மினுக்குகிற குழுவுக்குத் தலைவர். திருவிழாவென்றால் குத்துவிளக்குகளையும் தூபக்கால்களையும் கழுவும் இடத்தில் அடுக்கிவைத்து, பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, சாம்பலால் ஒருதரம் மினுக்கி, முகம் பார்க்கலாம் என்னும் அளவுக்குக் கொண்டுவந்து விடுவார். அந்தக் கைகாரர்தான், இப்போது அயன் பண்ணின சட்டையும் போட்டுக்கொண்டு, தலைசீவி, வாசலில் நின்றார். உள்ளே ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து, காசுகள் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. சிவப்பாக, இப்போதுதான் அச்சடித்து வந்ததுபோல மினுங்கின.

“என்னப்பா செய்தனீங்கள்?”

“ஒரு அதிகாரி வீட்டுக்கு வாறா. ஊத்தைக் காசையோ காட்டுறது?”

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் சைக்கிள் வந்து நின்றது. அதிகாரி என்று நாங்கள் எதிர்பார்த்தது கோட்டுப் போட்ட ஒருவரை. வந்தவள், முழங்கால்வரை சேறுபட்ட சப்பாத்தும் தலைக்கவசமுமாக ஒரு பெண். எங்கள் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். கைகொடுத்துவிட்டு நேரே தட்டுக்குப் போனாள். பார்த்தாள். கண்ணை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தாள். ஒரு வைத்தியர், நோயாளி தானே பிடுங்கிக்கொண்டு வந்த பல்லைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“எதனால் கழுவினீர்கள்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

இவர் பெருமையோடு பழப்புளிக்கு டொச் மொழியில் என்ன பெயர் என்று தேடிச் சொன்னார். சாம்பலையும் சொன்னார். உப்பை விட்டுவிட்டார், நான் சேர்த்துச் சொன்னேன். அவள் கதிரையில் இருந்து முதலில் சிரித்தாள். பிறகு முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டாள். ஒரு சொல்கூடக் கோபமாகச் சொல்லவில்லை என்பதை நான் இங்கே எழுதத்தான் வேண்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பதை இவருடைய முகம் அப்போதுதான் அறியத் தொடங்கியது.

அவள் விளக்கிச் சொன்னாள். காசு என்ன காசு என்பதல்ல அவளுக்கும் கேள்வி, அது ஏட்டிலேயே இருக்கிறது. அவளுக்கும் என்னுடைய கேள்விதான்: வைத்ததா, விழுந்ததா? பழைய வீடுகளின் படிக்குக் கீழே நல்லதுக்கென்று காசு வைக்கிற வழக்கம் இங்கேயும் இருந்ததாம். ஆனால் பலகை இடுக்கால் விழுந்து சேர்ந்த காசும் நிறைய. பிரித்தறிய ஒரு வழி உண்டு. யாராவது துணியில் முடிந்து வைத்திருந்தால், துணி உக்கிப் போகும், ஆனால் செம்பின் களிம்பு அந்த இழைகளை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். துணி போனாலும் அதன் நெசவு பச்சையாக நிற்கும்.

அதாவது, பதில் களிம்பில் இருந்தது. களிம்பு பழப்புளியில் கரைந்து, கழுவும் தொட்டி வழியாகப் போய்விட்டது. செம்பில் களிம்புபோல ஆணவம் உயிரை ஒட்டிக் கிடக்கிறது என்று பள்ளிக்கூடத்துச் சைவபாடத்தில் படித்தவர்கள் நாங்கள். களிம்பு போனால் நல்லது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அதற்குள்ளே யாரோ ஒருவருடைய முந்தானை இருக்கக்கூடும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு அதிகாரியைக் கூப்பிட்டது இதற்கா?

அவள் காசுகளைப் படம் எடுத்தாள். குழியையும் எடுத்தாள். இனி என்ன என்று இவர் கேட்டார்.

“ஒன்றுமில்லை. இடுக்கால் விழுந்தது என்று பதிந்துவிடுவேன். நீங்கள் நாளைக்கே கல்லை வைக்கலாம்.”

“துணி இருந்திருந்தால்?”

“அது வேறு. அப்படியென்றால் கல்லுக்குக் கீழே முழுவதும் நான் பார்க்க வேண்டியிருந்திருக்கும். சில வாரம் வாசலை மூடியிருப்பேன். உங்களுக்கு அதிர்ஷ்டம்.”

இவருக்கு வேண்டியது அப்படியே கையில் விழுந்தது. நாளைக்குக் கல், அடுத்த கிழமை கதவு, ஆனிக்குள் குடிபூரல். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். கோபமென்றாலும் வந்த ஆளை வெறுவாயோடு அனுப்ப முடியாதே. கேத்தல் கொதிக்கும்வரை அங்கிருந்தே பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் குழியருகில் போய் நின்றார். தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டிருந்த அவளைப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார். பிறகு பின் பொக்கற்றிலிருந்து பேர்சை இழுத்தார்.

சாரதி அனுமதிப்பத்திரத்துக்குப் பின்னால் இருக்கிற இடுக்குக்குள் விரலை விட்டுத் துழாவி, ஒரு காசை எடுத்து மேசையில் வைத்தார். பச்சைப்பசேலென்ற காசு. புளி படாத காசு. கூடவே மஞ்சளாக வேறொன்றும் இழுபட்டு வந்து மேசையில் உருண்டது.

“இது ஒன்று கழுவவில்லை, எனக்கென்று எடுத்து வைத்தது,” என்றார் அவளிடம்.

நான் கேத்தலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். என்னுடைய உருப்பெருக்கிக்குத்தான் முதல் உரிமை என்று நினைத்தேன், அவள் முந்திவிட்டாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். கோட்டை வாசல் இருந்த பக்கத்தின் ஓரத்தில், நகக்கண் அளவு இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக இழைகள். ஒன்று மேலே, ஒன்று கீழே. பழைய சாரத்தின் கரையைக் கிட்டப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. எத்தனையோ தலைமுறைக்கு முன் யாரோ முடிந்த முடிச்சு, என் கண்ணுக்கு முன்னால்.

“வைத்ததுதான்,” என்றாள் அவள். பிறகு அந்த மஞ்சள் வட்டத்தையும் எடுத்துக் கவனமாகப் பார்த்தாள். பித்தளை, நடுவில் ஒரு வெட்டு, ஒரு பக்கம் ஏதோ இலக்கம். “இது எந்த ஊருடையது? இது அவ்வளவு பழையதாகத் தெரியவில்லையே.”

இவர் முதல்முறையாகச் சிரித்தார். “இதுவும் இந்த ஊர்தான். ஹைமில் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குத் தருவது. கிழமைக்கு ஒன்று. அந்தக் கட்டடத்தைவிட்டால் வேறெங்கும் செல்லாது.”

அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பித்தளையை மட்டும் இவர் பக்கமாகத் தள்ளினாள். அப்படி ஒன்று அந்தப் பேர்சுக்குள் கிடந்தது எனக்கே தெரியாது. அந்தப் பேர்சை எத்தனை தரம் துழாவிச் சில்லறை எடுத்திருக்கிறேன்.

அன்று மாலை ரயிலில் நான் கேட்டேன். “ஏனப்பா காட்டினனீங்கள்? பேசாமல் விட்டிருந்தா நாளைக்குக் கல்லு வச்சிருப்பீங்கள்.”



“அவன் துணியில முடிஞ்சு, நாள் பாத்து, பத்திரமா வச்சிருக்கிறான். இவையள் அவன் விழுத்திப்போட்டான் எண்டு எழுதப்போகினம். பாவமெல்லே? எனக்கும் அப்பிடித்தானே. அகதி விசாரணையில நான் ஒண்டு சொல்ல, மொழிபெயர்த்தவர் ஒண்டு சொல்ல, அவங்கள் இன்னொண்டு எழுதினவங்கள். அதைத் திருத்த எத்தனை வருசம் அலைஞ்சனான்.”

பழப்புளிக் கோபம் எனக்கு அந்த இடத்தில் போனது. இந்த மனுசனோடு இத்தனை காலம் குடித்தனம் பண்ணியும், அவரை நான் உருப்பெருக்கி வைத்துப் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. காசுக்குச் செலவழித்த ஆர்வத்தில் பாதியை அவரிடம் செலவழித்திருந்தால் அந்தப் பித்தளை வட்டத்தை எப்போதோ கண்டிருப்பேன்.

வாசல் மூடப்பட்டது. ஆனி போனது, ஆடி வந்தது. வாடகை வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு, டோர்ட்மண்டில் என் தங்கை வீட்டு மேலறையில் பெட்டிகளுக்கு நடுவில் கிடந்தோம். ஆடிக்கூழ் அங்கேதான் குடித்தோம். இவர் தினமும் புதுவீட்டுக்குப் போய் உள் வேலைகளைப் பார்த்தார். முன்வாசலில் குழி இருந்ததால் பின்வாசலால்தான் போக வேண்டும். “அண்டைக்கு முன்வாசல் எண்டீங்கள்?” என்று சீண்டினேன். “வேலை உடுப்போட போறது வேலைக்குப் போறது. குடிபூருறது வேற,” என்றார். வேலை உடுப்பில்லாமல் ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. மறந்துவிட்டு வந்த கைபேசியை எடுப்பதற்குக்கூட, போட்டிருந்த நல்ல உடுப்புக்கு மேலே வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு போனவர்.

அந்தப் பெண் இரண்டு மாணவர்களோடு வந்து குழியைக் கரண்டியாலும் தூரிகையாலும் சுரண்டிக்கொண்டிருந்தாள். இன்னும் பழைய அத்திவாரம் ஒன்று வந்தது, உடைந்த சட்டி வந்தது. தங்கம் வரும் என்று உள்ளூரக் காத்திருந்த எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அங்கே நடந்த பேச்சு எனக்குப் போதுமாக இருந்தது. ஒருநாள் எல்லோரும் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு இருந்து வடை தின்றுகொண்டிருந்தபோது நான் கேட்டேன்: “யார் வைத்திருப்பார்?”

பெயர் தெரிய வழியே இல்லை என்றாள் அவள். “எல்லாம் இந்த ஊர்க் காசு. ஒன்றுகூட வெளியூர்க் காசு இல்லை. அதனால் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்த ஒருவர் என்று நினைக்கிறேன்.”

இவர் தலையாட்டினார், இல்லை என்று.

“இங்கேயே பிறந்தவன் ஏன் ஊர்க் காசை வைக்கப்போகிறான்? அவனை யாரும் நீ எந்த ஊர் என்று கேட்பதில்லை. வெளியிலிருந்து வந்தவன்தான் வைப்பான். வெள்ளிக்காசு வைத்திருந்தால் எடுத்துக்கொண்டு எங்கேயும் போகலாம். இது வேறு ஊரில் செல்லாது. இனிப் போகிற எண்ணமில்லாதவன்தான் இதை வைப்பான்.”

அவள் வடையைக் கையில் வைத்தபடியே யோசித்தாள். அப்படியும் இருக்கலாம், ஆனால் நிரூபிக்க ஏலாது என்றாள். அது நேர்மையான பதில். இவருக்கும் அது போதும்போல, இன்னொரு வடையை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஆவணியில் நல்ல நாள் வந்தது. காசுகள் அலுவலகத்துக்குப் போய்விட்டன, மினுங்குகிறவையும் பச்சையும். குழி மணல் போட்டு மூடப்பட்டது. ஐயர் சங்கல்பம் சொல்லி முடித்து, கல் வைப்பதற்கு முன், கீழே வைக்க என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். நான் ஒரு சின்னப் பவுண் துண்டைக் காகிதச் சரையில் சுற்றி வைத்திருந்தேன். இவர் அதற்கு முன்னமே குனிந்துவிட்டார். வேட்டித் தலைப்பிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்தார். புதுத் துணித் துண்டு, மஞ்சள் தோய்த்தது. அதற்குள் அந்தப் பித்தளை வட்டம்.

“அது என்னது?” என்றார் ஐயர்.

“காசு, ஐயா,” என்றார் இவர்.

மறுபடி முடிந்து, குழியின் நடுவில் வைத்து, உள்ளங்கையால் ஒருதரம் அழுத்தினார். எழும்பும்போது என் காதோடு சொன்னார்: “இனி அங்க போய் உடுப்புத் தோய்க்கத் தேவையில்லை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. கல் இறங்கியது, மட்டம் பார்த்தார், இரண்டுதரம் பார்த்தார். பிறகு கைகழுவி, வேட்டியைச் சரிசெய்து, முன்வாசலால் வலக்காலை எடுத்து வைத்து உள்ளே போனார். நான் பால் சட்டியோடு பின்னால் போனேன். விருந்தாளிகளோடு வந்திருந்த அந்தப் பெண் சேற்றுச் சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு, எங்களைப் பார்த்துப் பார்த்து அவளும் வலக்காலைத்தான் வைத்தாள்.

எத்தனையோ காலம் போய் யாரோ ஒருவர் அந்தக் கல்லைக் கிளப்பத்தான் போகிறார். பித்தளை வட்டத்தைக் கண்டு இது எந்த அரசாங்கத்துக் காசு என்று மண்டையை உடைத்துக்கொள்வார். உடைக்கட்டும், அந்தச் சந்தோசத்தை நான் அனுபவித்தவள். பழப்புளியால் மட்டும் கழுவிவிடக் கூடாது. வைத்தவர் யார் என்ற இடத்தில் வெளியூர்க்காரர் என்று எழுதிவிடவும் கூடாது.